ஒரு சாண் பாக்கி

போயம்பாளையத்தில் இரண்டாம் மாடி.
பெட்ரூமில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி பீரோ.
மூன்று கதவு, தரையிலிருந்து சீலிங் வரை,
தள்ளினால் ரயில் மாதிரி நகரும்.
"எம் பையன் கண்ணாலத்துக்குப் போட்டதுங் அம்மிணி,
ஆணி கீணி அடிச்சறாதீங்க"
என்று சாவியோடு சேர்த்துக் கொடுத்துப் போனார் ஊட்டுக்காரம்மா.
பையனும் மருமகளும் ஒரு மாசம்தான்
அதில் முகம் பார்த்தார்களாம்.
இப்போது மஸ்கட்.

பகலெல்லாம் எனக்குச் செக்கிங் டேபிள்.
கழுத்துப்பட்டி, கைத்தையல், அடிமடிப்பு,
திருப்பி உள்பக்கம்,
டியூப் லைட்டுக்கு நேரே ஒரு தரம் விரித்து.
குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டணும்.
நாளைக்கு அறுநூறு பீஸ்.
அப்படிப் பழகின கண்ணை
எந்தக் கொக்கியில் கழற்றி மாட்டிவிட்டுத் தூங்குவது?
லைட்டைப் போட்டால்
எதிரே நிற்கிறாள் அறுநூற்றி ஒண்ணாவது பீஸ்.
ஒரு தோள் இறக்கம்.
இடுப்பில் அளவு கூடுதல்.
கண்ணுக்குக் கீழே சாயம் திட்டுத்திட்டாய்.
பாஸ் பண்ண மனசில்லை, ரிஜெக்ட் பண்ணவும்.

அதுகூடப் போகட்டும்.
சென்னியப்பனுக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட்.
கட்டிலில் அவர் பக்கம் காலி.
கண்ணாடிக்குள் ஒரு கட்டில்,
அதிலும் அவர் பக்கம் காலி.
ஒரு ஆள் இல்லாததுக்கு
ரெண்டு காலியிடம் எதுக்குங்க?

முதலில் போர்வை.
மேல்விளிம்பில் செருகி டேப் ஒட்டினேன்.
ராத்திரி ரெண்டு மணிக்குத் தொப்பென்று விழுந்தது,
யாரோ குதித்த மாதிரி.
எழுந்து உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள்.
சித்தெ நேரம்
ஒருத்தியை ஒருத்தி நம்பாமல் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் நியூஸ் பேப்பர்.
தலைமாட்டுக்கு நேராக நூல் விலை உயர்வு.
அதைப் படித்துவிட்டு யாருக்குத் தூக்கம் வரும்?
பசைக்குக் கரப்பான் வேறு.

"சோப்பு நுரையத் தேச்சு வுடு, புகையாட்ட ஆயிரும்,"
என்றாள் பக்கத்து டேபிள் ரஹ்மத்து.
ஆச்சுதான். சாயங்கால வெய்யில் ஏறினதும்
என் அஞ்சு விரலும் போன வழியெல்லாம்
உழவு ஓட்டின காடு மாதிரி தெரிந்தது.

கடைசியில் குமரன் ரோட்டில் ஃபிலிம் வாங்கினோம்.
பனி படிந்த மாதிரி இருக்கும், மீட்டர் கணக்கு.
அளவெடுத்தது நான்.
கம்பெனியில் அரை சென்டிமீட்டர் விடாத நான்.

ஞாயிற்றுக்கிழமை.
சோப்புத்தண்ணி, பழைய ஏடிஎம் கார்டு, நான், அவர்.
ஒரு காற்றுக்கொப்புளம் மட்டும்
இங்கே அமுக்கினால் அங்கே போய் நின்றது.
ஊசியால் குத்தினார்.
நாளெல்லாம் ஊசியோடு இருக்கிற ஆள்.
மூன்றாவது கதவில், வாசல் பக்கம்,
மேலிருந்து கீழே ஒரு சாண் அகலம் குறைந்துபோச்சு.
"நாளைக்கு வாங்கியாறேன்" என்றார்.

இப்போது எதிரே ஆள் இல்லை.
நான் எழுந்தால் ஒரு பச்சைத் திட்டு எழுந்திருக்கும்,
முகம் கிடையாது, தோள் கிடையாது.
அன்றைக்கு விடிய விடியத் தூங்கினேன்.

ஆறு மணிக்குக் கதவு சத்தம்.
வாசலுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தேன்.
அந்த ஒரு சாணில் அவர் வந்து உட்கார்ந்தார்,
ஸ்டூலில், சத்தம் வராமல்.
புருவத்தில் பஞ்சு. காதுமடலில் பஞ்சு.
ஒவ்வொன்றாய் எடுத்து உருட்டிச்
சட்டைப் பையில் போட்டார், தரையில் போடவில்லை.
பிறகு எழுந்து கண்ணாடிக்குக் கிட்டே வந்து
பக்கவாட்டில் திரும்பி
வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார்.
விட்டார்.
மறுபடி இழுத்துப் பார்த்தார்.

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு கிடந்தேன்.
நான் அவரைப் பார்க்கிற கண்ணாடியில்
அவருக்கும் நான் தெரிவேன் என்று
பல் விளக்கும்போதுதான் உறைத்தது.

பொழுதோட கடைக்குக் கிளம்பினவரிடம்
"அந்த ரோல் தீந்துபோச்சாமுங்" என்றேன்.
யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
டீ இருக்கா என்றார்.